பீரோவோடு பிடிபட்ட தாய்மாமன்

போடிநாயக்கனூர்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை முத்துக்கிருஷ்ணன் அவர்களுக்கு, மச்சான் காசிமாயன் எழுதிக்கொண்டது. இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். அங்கே தேவாரத்தில் என் பேச்சை எடுத்தாலே தங்கச்சி சுஜாதா எழுந்து போய்விடுகிறாளாம். அவளும் அவள் கோபமும் நலமாக இருக்கட்டும். நீங்கள் போனை எடுக்காததால் இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மருமகளை மடியில் வைத்துக் காதுகுத்த வேண்டிய தாய்மாமன் வந்து சேராததற்குக் காரணம் குடியோ சோம்பலோ இல்லை மாப்ளே, தேர்தல் செலவுச் சட்டம். ஆறு ஜீப்பு, கொட்டு, வெடி, கிடாய், தங்கச்சி ஆசைப்பட்ட பீரோ எல்லாத்தோடயும் விடியவே கிளம்பினேன். முன் ஜீப்பில் நான் கும்பிட்டுக்கிட்டு நிக்கிற பிளெக்ஸ். தாய்மாமன்னா கும்பிடாம என்ன செய்வான்? ராசிங்காபுரத்தில் பறக்கும் படை மறித்தது. "எந்தக் கட்சி?" என்றார் அதிகாரி. தன்மையான மனுசன், குடிக்கத் தண்ணியெல்லாம் கொடுத்தார். "கட்சியெல்லாம் இல்ல சார், சீர் கொண்டு போறேன்"னேன். கூட நின்ற போலீஸ்காரர், "பீரோ சுயேச்சை ஜக்கையன் சின்னம் சார்" என்று எடுத்துக் கொடுத்தார். பதறிப்போய்ப் பத்திரிகையை நீட்டினேன். அங்கதான் கெட்டேன்! எங்க பங்காளியாச்சே, எனக்குத் தம்பி முறை, பேரு விட்டுப்போனா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவானேன்னு, வரவேற்போர் வரிசையில ஜக்கையன் பேரை முதல்ல போட்டவனே நான்தான்.

நாடாளுமன்றத்துக்கு நிக்கிறவன் ஒரு அளவுக்கு மேல செலவழிக்கக் கூடாதாம். அவனுக்காக அடுத்தவன் செலவழிச்சாலும் அவன் கணக்குலதான் ஏறுமாம். நியாயமான சட்டம்தான், நான் குறை சொல்லல. ஜீப்பு, கொட்டு, மாலைன்னு ஒவ்வொண்ணுக்கும் விலை வச்சிருக்காக, வீடியோவும் எடுத்தாக. ஆனா கிடாயைக் காட்டி, "வாக்காளருக்கு பிரியாணியா?"ன்னு கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. பிள்ளை அங்க மொட்டைத் தலையோட மணையில காத்துக்கிட்டு இருக்கா, நான் நடுரோட்டுல கிடாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஆசாரி காதைத் தொடுறதுக்குள்ள நீங்க விசேசத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வச்சீக பாருங்க, அதை நான் மறக்க மாட்டேன்.

இப்போது நோட்டீஸ் ஜக்கையனுக்குப் போயிருக்கிறது. ஊர்வலம் தன்னுடையது இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பீரோவும் கிடாயும் விடுபடும். தருவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். ஆகவே வெள்ளிக்கிழமை சீரோடு வந்துவிடுவேன். தங்கச்சி நிம்மதியாக இருக்கட்டும்.

சின்னவளுக்குக் காது வலிக்காமல் இருக்கக் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்கு வணக்கம். தங்கச்சிக்கு, அவள் வாங்கிக்கொண்டால், என் அன்பு.

இப்படிக்கு,
காசிமாயன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஜக்கையன் வந்தான். ஊர்வலம் தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம்! டீச் செலவைத் தவிர வேறொன்றும் இல்லாத தன் கணக்கில் ஆறு ஜீப்பைப் பார்த்ததும், இல்லை என்று சொல்ல மனசு வரவில்லையாம். இனி ஓட்டு எண்ணி முடியும்வரை பீரோ வராது. அதோடு விட்டானா? "சர்க்கார் கணக்குல சீர் கொண்டாந்தது நானு, முறையில நானும் மாமன்தான், அப்ப மடி யாருது அண்ணே?" என்று கேட்டுவிட்டு, ஜீப்பேறித் தேவாரத்துக்கே கிளம்பிவிட்டான். சீரும் வேணாம், கொட்டும் வேணாம் மாப்ளே. இந்தக் கடிதம் வர்ற பஸ்சுக்கு அடுத்த பஸ்சுலயே நானும் வெறுங்கையோட வர்றேன். அதுவரைக்கும் பிள்ளையைத் தங்கச்சி இடுப்பை விட்டு இறக்க வேணாம்னு சொல்லுங்க.