எஸ்தருக்கு அளவு எங்கள் கிருபை

சோடாக்காரர் உட்கார்ந்து பார்த்தவர்கள் தென்காசியில் ஒருவர்கூடக் கிடையாது. சாப்பாடு நின்றுகொண்டு, பேச்சு நடந்துகொண்டு. ஞாயிற்றுக்கிழமை சபைக் கோவிலில் நாங்களெல்லாம் பாயில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்போம். அவர் வாசற்படிக்கும் மணிக்கூண்டுக்குமாக நடந்தபடியே கேட்பார். பிரசங்கம் நீண்டால் நடை வேகமாகும். அதைப் பார்த்துத்தான் போதகர் ஆமென் சொல்கிறார் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் கடையை அருவிக்கரைக்கு மாற்றிவிடுவார். நனைந்து பல் கிட்டி வருகிறவனிடமும் சோடா விற்க அவரால்தான் முடியும்.

அப்படி ஒரு சாரல் காலத்தில், பர்மாவில் ஊழியம் செய்துவந்த ஒரு அம்மாள் எங்கள் கோவிலில் பேசினார்கள். ரங்கூனில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கிறதாம். ஒரு குடும்பம் ஒரு பிள்ளையைத் தாங்கினால்... அம்மாள் பேச்சை முடிக்கவில்லை. "எனக்கு ஒண்ணு" என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது. குடும்பம் என்று அவருக்கு எதுவும் இல்லை. தனிக்கட்டை.

கிடைத்தது நாலு வயதுப் பெண்பிள்ளை. அவளுடைய பர்மாப் பேர் எங்கள் நாக்கில் நிற்கவில்லை. எஸ்தர் என்று அவரே வைத்துவிட்டார். மாதாமாதம் அவர் கொடுத்ததைப் போதகர் ரங்கூனுக்குச் சேர்ப்பித்தார். சோடாக்காரருக்கு அது போதவில்லை. பிள்ளை வளர்ந்தாளா, வயிறாரச் சாப்பிட்டாளா என்று யாரிடம் கேட்பது? என் மகள் கிருபைக்கும் அதே வயது. அவளைப் பிடித்துக்கொண்டார்.

கிருபை எவ்வளவோ எஸ்தரும் அவ்வளவு என்பது அவர் தீர்மானம். வாரந்தோறும் வந்து என் மகளைக் கதவோரம் நிறுத்தி உயரம் பார்ப்பார். கிறிஸ்துமஸுக்கு ரங்கூன் போகிற கவுனுக்கு அளவு கொடுப்பதும் இவள்தான்.

"ஏட்டி, பாவக்காய ஏன் ஒதுக்குதே? நீ இங்கன ஒதுக்குனா அங்கன பிள்ள மெலிஞ்சிருவா."

"எம்பிள்ள என்ன படிக்கல்லா அண்ணாச்சி, அத வச்சு இன்னொண்ண நிறுக்கதுக்கு?" என்பாள் என் மனைவி.

"நீ சும்மா இரும்மா. இவளுக்கு முழங்கால் தெரியுது பாரு. அங்கன அவளும் கவுன் பத்தாமத்தான் நிப்பா."

கிருபைக்குக் கக்குவான் இருமல் கண்டபோது எங்களைவிட அவர்தான் வைத்தியர் வீட்டுக்கு ஓடினார். ரங்கூன் பிள்ளைக்கும் ஒரு புட்டி மருந்து அனுப்பவேண்டும் என்றார்.

"இருமல் கடல் தாண்டிப் போவுமா அண்ணாச்சி?" என்றேன்.

"ஜெபம் போவுதுல்லா?"



என் மகளும் லேசுப்பட்டவள் இல்லை. "மாமா, ரங்கூன்காரிக்குத் தாகமா இருக்கு" என்பாள். உடனே ஒரு பன்னீர் சோடா உடையும்.

அறுப்பின் பண்டிகையில், சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த காய், கோழிகளைக் கோவில் வாசலில் ஏலம் விடுவது வழக்கம். எஸ்தர் பேரில் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்தார். ஏலம் கேட்டவரும் அவரே. அடுத்தவர் வாய் திறக்கும்வரை பொறுக்க முடியாமல், தான் கேட்ட விலைக்குமேல் தானே ஏற்றிக்கொண்டு போனார்.

"எதுத்து யாரும் கேக்கலயேவே" என்றார் ஏலம் விட்டவர்.

"அவங்க கேக்கதுக்குள்ள காய் அழுவிரும். நீரு ஏத்தும்வே."

பிறகு யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். சோடாக்காரர் கடையை ஸ்டேஷனுக்கே கொண்டுபோய்விட்டார். கையில் ஒரு துணிமூட்டைகூட இல்லாமல் இறங்குகிறவர்களுக்குச் சோடாவை உடைத்து நீட்டுவார். அவர்கள் குடித்து முடிக்குமுன், கூட்டிவந்திருந்த கிருபையை முன்னால் நிறுத்துவார்.

"பிள்ளைக விடுதியப் பாத்தியளா? அதுல எம்பிள்ள ஒண்ணு. இம்புட்டு உசரம் இருப்பா."

சுரண்டைக்காரர் ஒருவர் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தெருவே எரிஞ்சு போச்சு அண்ணாச்சி."

சோடாக்காரர் பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். "தெரு எரிஞ்சா பிள்ள தெருவுலயா நிக்கும்? ஓடியிருக்கும்லா" என்றார். கிருபை அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் போதகர் காதுக்கும் போயிற்று. அந்த ஞாயிறு ஜெபத்தில், "ரங்கூனில் உம்முடைய மடியில் இளைப்பாறுகிற சிறு பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரிக்கிறோம்" என்று ஆரம்பித்தார்.

"ஐயா, கொஞ்சம் நிப்பாட்டுங்க."

கண்மூடி இருந்த சபை முழுக்கக் கண்ணைத் திறந்தது. வாசலில் சோடாக்காரர்.

"சேதி இன்னும் வரல ஐயா. எம்பிள்ளைய உசிரோட இருக்கவங்க ஜெபத்துல சேத்துக்கிடுங்க."

போதகர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நோயாளிகளோடும் பிரயாணம் பண்ணுகிறவர்களோடும் சேர்த்து, எஸ்தர் என்று பேர் சொல்லி ஜெபித்தார். யாரும் சிரிக்கவில்லை.

சேதி கடைசிவரை வரவில்லை. யுத்தம் முடிந்தும் வரவில்லை. அவர் வருஷந்தோறும் கவுன் தைத்துக்கொண்டே இருந்தார். பர்மாவிலிருந்து வந்த ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை அதை உடுத்தியது. ரயில் வரும் நேரத்துக்கு அவர் ஸ்டேஷனுக்குப் போவதும் நிற்கவில்லை.

போன ஐப்பசியில் சோடாக்காரர் கர்த்தரிடம் போனார். அடக்கம் பண்ணிவிட்டு வந்து வீட்டில் முழங்காலில் நின்றேன். இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்கள் சபையில் இல்லை; நானும் ஜெபிக்கவில்லை. "ஆண்டவரே, அந்தப் பிள்ளை எங்கே என்று அவரிடம் முதலில் சொல்லிவிடும். மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.