சிவப்புப் பசுவும் என் வறண்ட வாயும்

எனக்கு வாய் நீளம். அந்த நீளத்துக்கு ஈடு கொடுக்கிற மூளையை இறைவன் தரவில்லை. இதை ஒப்புக்கொள்ள முன்பெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் வட டெக்சாஸில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குள், "தயவுசெய்து இந்தப் பசு மேல துப்பு" என்று இரண்டு பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றிவைத்துக் கேட்டுக்கொண்ட பிறகு, கூச்சப்பட என்னிடம் சரக்கு மிச்சமில்லை.

நாங்கள் குடியிருக்கும் காப்பெலில் எங்களுடையதையும் சேர்த்து நான்கு குடும்பங்கள் பக்ரீத்துக்கு ஒன்றாகக் குர்பானி கொடுப்பது வழக்கம். கொடுப்பது என்றால், கறிக்கடையில் பெயர் எழுதிவிட்டு வருவோம். பெருநாள் முடிந்து ஒரு நாள் பிளாஸ்டிக் பையில் கறி வரும். அது எந்த ஆடு, கறுப்பா வெள்ளையா என்று யாருக்கும் தெரியாது. 'ஊர்ல ஆட்டைக் கண்ணால பார்த்து வாங்குவோம், இங்க பார்கோடைத்தான் பார்க்க முடியுது' என்று நண்பன் ரஃபீக் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் புலம்பினான். அப்போது என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே டைப் செய்தது: 'இந்த வருஷம் ஆடு என் பொறுப்பு. எனக்கு ஒரு பண்ணைக்காரரைப் பர்சனலாத் தெரியும்.'

ரஃபீக் உடனே போன் பண்ணினான்.

"மச்சான், நெசமாவே ஆளைத் தெரியுமா, இல்ல கூகுள்ல பார்த்தியா?"

"சொல்றேன்ல, ரொம்ப வேண்டிய ஆளுடா!"

அந்த 'வேண்டிய ஆள்' ஷேமஸை நான் அதுவரை பார்த்ததே கிடையாது. என் மனைவி நபீசா பல் டாக்டர். ஷேமஸின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவள் அவள். அயர்லாந்திலிருந்து வாலிப வயதில் வந்து, தம்பி டோனலோடு சேர்ந்து ஆடு மாடு வளர்க்கிற மனிதர், ஆடும் விற்பார், அங்கேயே அறுத்து எடுத்துக்கொள்ள இடமும் கொடுப்பார் என்று அவள் சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருந்தாள். என் 'பர்சனல் தொடர்பு' மொத்தமும் அவ்வளவுதான். மூன்று குடும்பங்கள் அதை நம்பிக் கடையில் பெயர் கொடுக்காமல் விட்டுவிட்டன. பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை ஆட்டைப் பேசி முடிக்க நானும் நபீசாவும் கிளம்பினோம். அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினால் நான்கு வீட்டிலும் குர்பானி கிடையாது, எனக்கு காப்பெலில் முகமும் கிடையாது.

வழியில் நபீசா சொன்னாள்: "அங்க போய் உங்க ஆபீஸ் மீட்டிங் மாதிரி 'வந்த விஷயம் என்னன்னா'ன்னு ஆரம்பிச்சிடாதீங்க. அவரு என் கிளினிக்ல வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே கால் மணி நேரம் மழையைப் பத்திப் பேசுற ஆளு."

"நபீசா, நான் பெரிய பெரிய கிளையண்டையெல்லாம் ஹேண்டில் பண்றவன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிளானோவின் கண்ணாடிக் கட்டடங்கள் முடிந்து, சுங்கம் வாங்கும் டோல்வே முடிந்து, மண் பாதையில் போய் நின்றோம். இரும்புக் கேட்டின் மேல் முழங்கையை ஊன்றி அண்ணனும் தம்பியும் நின்றிருந்தார்கள். இருவருக்கும் எழுபது இருக்கும். ஷேமஸ் நபீசாவைப் பார்த்துப் புதுப் பல் தெரியச் சிரித்தார். என்னைப் பார்த்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். (அது வணக்கமாம்.) நாங்களும் கேட்டில் சாய்ந்துகொண்டோம். அவர்கள் பேசியதை நம் பாஷையில் தருகிறேன்.

"சூடுதான்," என்றார் ஷேமஸ்.

"சூடுதான்," என்றார் டோனல்.

"நேத்து இதைவிட."

"நேத்து கொஞ்சம் ஓவர்."

"காத்து இருக்கு."

"இருக்கு. இல்லைன்னு சொல்லிட முடியாது."

அப்புறம் பக்கத்துப் பண்ணைக்காரர் வாங்கிய டிராக்டர், யாரோ ஒரு மேரியின் இடுப்பு ஆபரேஷன், அயர்லாந்தில் யாரோ மவுத்தான செய்தி, இறந்தவர் யாருக்கு எந்த வழியில் உறவு என்ற ஆராய்ச்சி, மறுபடி காற்று. ஆட்டைப் பற்றி மூச்சு இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், வந்த காரியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்களே, அதேதான். எனக்குத்தான் அது உறைக்கவில்லை. உரையாடலில் பங்கெடுப்போம் என்று போனை எடுத்து, "நாளைக்கு மழை கிடையாது. திங்கள்கிழமை மத்தியானம் வரும். ஆப்ல போட்டிருக்கான்," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு நிற்பவர்களிடம் கிளைமாக்ஸைச் சொன்னவனை அப்படித்தான் பார்ப்பார்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு அவர்கள் வைத்திருந்த பேச்சை ஒரே வரியில் நான் தீர்த்துவிட்டேன்.

நிலைமையைச் சரிசெய்ய அடுத்ததாக, "மொத்தம் எத்தனை ஆடு வச்சிருக்கீங்க?" என்றேன்.

நபீசா என் காலை மிதித்தாள். டோனல் வானத்தைப் பார்த்தார். எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெள்ளையாக ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"கொஞ்சம் இருக்கு," என்றார் ஷேமஸ்.

நபீசா என் காதருகே பல்லைக் கடித்தாள். "பேங்க்ல எவ்வளவு போட்டு வச்சிருக்கீங்கன்னு யாராவது கேப்பாங்களா?"

பேச்சை மாற்றுவதற்காகத்தான், பாவம், ஷேமஸ் எங்களைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சிவப்புப் பசு. பளபளவென்று, குதிரைக்குப் பாலிஷ் போட்டதுபோல. இன்றோ நாளையோ கன்று போடும் என்றார். அதன் நெற்றியைத் தடவும்போது அவர் குரலே மாறிவிட்டது.

"மோசமில்லை," என்றார் டோனல்.

அவர்கள் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது, 'என்ன இது, இவ்வளவு அழகான மாட்டுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா' என்று தோன்றிவிட்டது. ஆரம்பித்தேன்.

"வாவ்! என்ன மாடு சார் இது! ஃபென்டாஸ்டிக்! இப்படி ஒரு உடம்பை நான் பார்த்ததே இல்லை!"

சாதாரணமாக நான் 'மாஷா அல்லாஹ்' (எல்லாம் இறைவன் நாட்டம்) என்று சொல்லாமல் எதையும் புகழ்கிறவன் இல்லை. மால் வாசலிலேயே பார்க்கிங் கிடைத்தால்கூடச் சொல்வேன். அன்றைக்கு மட்டும், வெள்ளைக்காரர்கள் முன்னால் இதெல்லாம் எதற்கு, புரொஃபஷனலாக இருப்போம் என்று வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் ஷேமஸ்.

"வேற ஏதாவது சொல்லணும்னு தோணுதா?" என்றார் டோனல், தாழ்ந்த குரலில்.

ஓஹோ, புகழ்ச்சி போதவில்லை போலிருக்கிறது! (என் வாழ்க்கையின் மிகச் சிறந்த முடிவுகளை நான் இந்த வேகத்தில்தான் எடுத்திருக்கிறேன்.) இன்னும் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். "டெக்சாஸ் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒண்ணு கிடைக்காது! கன்னு பாருங்க, யானைக்குட்டி மாதிரி வரும்!"

டோனல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

அந்தச் சிலுவைக்குறி முடிவதற்குள் பசு ஒரு முனகல் முனகி, முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது.

வலி எடுத்துவிட்டது, கன்று வரவில்லை. ஷேமஸ் சட்டையைக் கழற்றிவிட்டுப் பின்னால் மண்டியிட்டார். கன்றின் ஒரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது என்றார். மாட்டு டாக்டர் வேறு எங்கேயோ இருந்தார், வர நேரமாகுமாம். பசு கண்ணை மேலே செருகி மூச்சு வாங்கியது. வந்த விஷயத்தைப் பேச அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது என்பதால், நான் அந்த நேரத்தில் பேசினேன்.

"அந்த ஆடு விஷயம்..."

"ஆடு கிடையாது," என்றார் ஷேமஸ், தலையைத் தூக்காமல். "இன்னைக்கு இங்கேருந்து எதுவும் வெளியே போகாது."

பையில் போன் அதிர்ந்தது. ரஃபீக். 'மச்சான் ஆடு போட்டோ அனுப்பு, பிள்ளைங்க கேக்குது.'

டோனல் நபீசாவிடம் விளக்கினார். அவர்கள் ஊரில் ஒருவன் மாட்டையோ ஆட்டையோ புகழ்ந்தால், கூடவே 'கடவுள் இவளை ஆசீர்வதிக்கட்டும்' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கண் பட்டுவிடும். அதற்காகத்தான் இரண்டு முறை எடுத்துக்கொடுத்தார்களாம்.

"நான் இதையெல்லாம் நம்புறவன் இல்லை," என்றார் ஷேமஸ் மாட்டின் பின்னாலிருந்து. கொஞ்சம் பொறுத்து, "ஆனா அப்படி ஒண்ணு இருக்கு."

கட்டிய மனைவி அந்த இடத்தில் புருஷனுக்குத்தானே பரிந்து பேச வேண்டும்? நபீசாவின் முகம் சொந்த ஊர்க்காரர்களைக் கண்டதுபோல மலர்ந்தது. "எங்க மேலப்பாளையத்துலயும் அப்படித்தான்! நாவூறுன்னு சொல்லுவோம். இவருக்கு அதுல பேரே இருக்கு. என் தம்பியோட புதுக் காரைப் புகழ்ந்தாரு, அன்னைக்கே பம்பர் போச்சு. எங்க பக்கத்து வீட்டம்மா தலைமுடியைப் புகழ்ந்தாரு..."

"நபீசா!"

"...இப்ப அவங்க ஸ்கார்ஃப் கட்டிட்டுத்தான் வெளியே வராங்க."

டோனல் என்னிடமிருந்து ஓரடி நகர்ந்து நின்றார். "ஒரு வழி இருக்கு. புகழ்ந்தவனே ஆசீர்வாதம் சொல்லி, அவ மேல துப்பணும்."

"துப்பணுமா?"

"துப்பணும்."

"சும்மா தூ தூன்னு சொன்னாப் போதாதா?" என்று நபீசா எனக்காக ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஈரம் வேணும்," என்றார் டோனல். இருவரும் தொப்பியைக் கழற்றியது அப்போதுதான்.

நான் படித்தவன், ஐ.டி. கம்பெனியில் கிளவுட் ஆர்க்கிடெக்ட், எனக்குக் கீழே ஒரு டீம் இருக்கிறது என்பதையெல்லாம் எடுத்துச் சொல்லலாமா என்று பார்த்தேன். பசு இன்னொரு முறை முனகியது. ஷேமஸின் கண் கலங்கியிருந்தது. பசு கிடந்த அடைப்புக்குள் இறங்கினேன்.

பிரச்சினை என்னவென்றால், டெக்சாஸ் வெயில், பயம், இரண்டு மணி நேரமாக விடாத பேச்சு. வாயில் ஒரு சொட்டு இல்லை. முதல் முயற்சியில், தண்ணீர் நின்றுபோன குழாய் மாதிரி வெறும் சத்தம்தான் வந்தது. இரண்டாவதில் ஏதோ வந்தது. டோனலின் பூட்ஸில் விழுந்தது.

"எனக்கு வேண்டாம்," என்றார் அவர். "அவளுக்கு."

நபீசா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தண்ணீர் செல்லாது, சொந்தச் சரக்காக இருக்க வேண்டும் என்று டோனல் தடுத்துவிட்டார். அவள் காருக்கு ஓடிப்போய், எங்கள் மகள் ஒளித்துவைத்திருந்த புளிப்பு மாங்காய் மிட்டாயை எடுத்துவந்து என் வாயில் திணித்தாள். (பல் டாக்டர் காரில் மிட்டாய் எப்படி என்று கேட்காதீர்கள். அந்த விசாரணை வீட்டில் தனியாக நடந்தது.)

வாய் ஊறியது. கண்ணை மூடி, கொட்டகை அதிர "மாஷா அல்லாஹ்!" என்றேன். "ஆமென்," என்றார் டோனல். துப்பினேன். முதுகின் நடுவில் சரியாக விழுந்தது. பசு தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் துப்பியது அதற்குப் பிடிக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. பிறகு சாணியில் ஊறிய வாலைச் சுழற்றி என் கன்னத்தில் ஒன்று வைத்தது. நான் வழுக்கி உட்கார்ந்தேன். அதே வேகத்தில் பசு முக்கிய முக்கலில் கன்று வெளியே வந்து விழுந்தது.

அதற்குள் ஷேமஸ் மடங்கின காலை நேராக்கியிருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் டோனலிடம் அதைச் சொல்லிப் பிரயோசனமில்லை.

ஈரமும் நடுக்கமுமாகச் சின்னச் சிவப்புக் கன்று. தாய் எழுந்து நக்க ஆரம்பித்தது. ஷேமஸ் தரையில் உட்கார்ந்து சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாக. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "வாவ், என்ன ஒரு..." என்று ஆரம்பித்தேன். நபீசாவின் கை என் வாயை மூடியது. அதன் மேல் டோனலின் கையும் வந்து மூடியது.

வீட்டுக்கு ஒன்றாக நான்கு ஆடும் கிடைத்தது. நபீசாதான் பார்த்துப் பொறுக்கினாள். அவள் பொறுக்கி முடிக்கும் வரை நான் கொட்டகைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அது ஷேமஸின் நிபந்தனை. ரஃபீக்குக்குப் போட்டோவும் அவளே எடுத்து அனுப்பினாள். பெருநாளன்று நான்கு வீட்டிலும் பிரியாணி மணத்தது. பரிமாறும்போதே நபீசா கதையையும் பரிமாறிவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி கிடையாது. ரஃபீக் புது வீட்டுக்குக் கூப்பிட்டான், "மச்சான், நல்லாச் சாப்பிடு, ஆனா எதையும் பார்க்காதே," என்று. மகள் மார்க் ஷீட்டைக் காட்ட வந்தால், நான் வாயைத் திறக்கும் முன்பே, "டாட், ப்ளீஸ், டோன்ட் சே எனிதிங்," என்று பிடுங்கிக்கொண்டு போகிறாள். எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டிலாவது டிஷ்வாஷர் ரிப்பேரானால், நான் கடைசியாக எப்போது வந்துபோனேன் என்றுதான் முதலில் கணக்குப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் ஒவ்வொரு பக்ரீத்துக்கும் அதே பண்ணைதான். இந்த வருட ஆட்டுக்காகப் போன வாரம் ஷேமஸுக்கு நானே போன் பண்ணினேன். நானும் இப்போது தேறிவிட்டேன். சூடுதான் என்றேன், சூடுதான் என்றார். காற்று இருக்கிறது என்றேன், இல்லையென்று சொல்லிவிட முடியாது என்றார். மேரியின் இடுப்பு, அயர்லாந்தில் மவுத்தானவர்கள் எல்லாவற்றையும் முறையாக விசாரித்தேன். கடைசியில், முன்னால் ஒரு மாஷா அல்லாஹ், பின்னால் ஒரு மாஷா அல்லாஹ் வைத்து, ரொம்பப் பணிவாகக் கேட்டேன்.

"அன்னைக்குப் பிறந்த அந்தச் சிவப்புக் கன்னு இப்ப எப்படி இருக்கா?"

மறுமுனையில் கொட்டகைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உன்கிட்ட சொல்றதா இல்லை," என்றார் ஷேமஸ்.