கிணற்று நீர்மட்டம் பற்றி அண்ணாவுக்கு

மண்டபம் அகதிகள் முகாம்,
ஐப்பசி மழைநாள்.

பாசமும் மரியாதையும் நிறைந்த சிவமணி அண்ணாவுக்கு, தம்பி இரத்தினவேல் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் பிள்ளை டிலக்ஷனாவும் நலம். அங்கே நீங்கள் நலமென்று உங்கள் ஊர் வானிலை அறிக்கையைப் பார்த்து நானாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறேன். வேறு வழியில்லை. வாட்ஸ்அப்பில் நீங்கள் என்னைத் தடுத்து வைத்து நாலு வருடமாகிறது. கடிதத்தைத் தடுக்கும் பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

வெள்ளிக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இது. ஆனால் அது எப்படி நடந்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும். டிலக்ஷனாவின் பள்ளியும் உங்கள் நிருஷாவின் பள்ளியும் சேர்ந்து மழை, காற்று, வெயில் எல்லாவற்றையும் தினமும் அளந்து கம்ப்யூட்டரில் ஒரே அட்டவணையில் போடுகிறார்களே, அதில் ஆரம்பத்தில் எனக்கு ஒரு அக்கறையும் இருக்கவில்லை. நீங்கள் இருக்கிற கரைக்கும் நான் இருக்கிற கரைக்கும் நடுவில் அடிக்கிற காற்றை அளந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். ஒருநாள் மகள், "அப்பா, அங்கன நிருஷான்னு ஒரு பிள்ளை, மழை கணக்கு அவதான் போடுறா, அவங்க அப்பா பேரு சிவமணியாம்" என்றாள். (இங்கே பிறந்தவள், இந்த ஊர்ப் பேச்சுத்தான் பேசுவாள். கோபிக்காதீர்கள்.) அன்றிலிருந்து நான் பெரிய வானிலை ஆராய்ச்சிக்காரனாகிவிட்டேன். காலையில் எழுந்ததும் "அங்க மழையோ? குளிரோ?" என்று கேட்பேன். குளிர் என்றால் உங்கள் இளைப்பு நோய் கூடியிருக்குமோ என்று அன்று முழுக்க மனம் அடித்துக்கொள்ளும். ஒருநாள் பொறுக்காமல், நிருஷாவின் அப்பாவுக்கு இருமல் எப்படி என்று அட்டவணையிலேயே எழுதச் சொன்னேன். மகளின் ஜெயப்பிரியா டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "அய்யா, இதுல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னுதான் எழுதணும். யாரு இருமுறாங்கன்னு எழுதக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

போதாக்குறைக்கு, எங்கள் வீட்டு ஓரத்தில் தெர்மாமீட்டர் வைத்திருந்த மரப்பெட்டிக்குள் பக்கத்து வீட்டுக் கோழி அடைகாக்கப் புகுந்துவிட்டது. கொட்டுகிற மழையில் மண்டபத்தில் நாற்பத்தொரு டிகிரி என்று பதிவாகி, உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் "மண்டபத்துக்குக் காய்ச்சலா?" என்று கேட்டு, மகள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. கோழியை எழுப்பிவிடப் போய் நான் கையில் கொத்து வாங்கினதுதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில்தான் பெற்றோரும் வந்து வீடியோவில் பேசலாம் என்று அழைப்பு வந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் ஹைடெக் லேபில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். திரை வெளிச்சமானது. மூன்றாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். சத்தியமாக அப்பா என்றுதான் நினைத்தேன். தலை அவ்வளவு வெளுத்துவிட்டது உங்களுக்கு. "அண்ணா, சுகமா இருக்கிறீங்களோ" என்று கேட்பதற்கு முதல் நாளிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வந்திருந்தேன். அதற்குள் உங்கள் முறை வந்து, இருந்தபடியே ஏதோ வாசித்தீர்கள். எங்கள் பக்கம் சத்தம் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. "எங்கட கிணறு..." பிறகு ஒன்றுமில்லை. பிறகு "ஒருத்தருக்கும்... இல்லை!"

அவ்வளவுதான். எங்கட கிணற்றில் ஒருத்தருக்கும் பங்கு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் வைத்தே சொல்கிறீர்கள் என்று எனக்குப் பட்டுவிட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் போனில் "கொள்ளி வைக்க வராதவனுக்குக் கிணத்தில என்ன பங்கு?" என்று கேட்டீர்களே, அது அப்படியே நெஞ்சில் எழும்பியது. நானும் எழும்பிவிட்டேன். "கடலுக்கு அந்தப் பக்கம் அப்பா செத்துக் கிடக்க, இந்தப் பக்கம் முகாமில நிண்டு அழுதவன் நான்! வர ஏலாமத்தான் வரேல்லை! அந்தக் கிணறு வெட்டேக்க மண் சுமந்தது ஆர்?" என்று கத்தினேன். டீச்சர் ஓடி வந்து, "அய்யா, உக்காருங்க, இது வெதர் ப்ரோக்ராம்!" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். திரையில் நீங்களும் எழுந்து கையை ஓங்கினீர்கள். ஓங்கிய கையோடு, திறந்த வாயோடு, படம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு இருட்டு.

மகள் என்னோடு வீட்டுக்கு வரவில்லை. எனக்கு முன்னால் தனியே நடந்து போனாள். பின்னேரம் போனில் அட்டவணையைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். "அவங்க வாசிச்சது இதுதான்" என்றாள். நீங்கள் வாசித்த வரி அன்று காலையிலேயே அதில் ஏறியிருந்தது: 'எங்கட கிணறு நிரம்பிவிட்டது. இந்த வருடம் ஒருத்தருக்கும் தண்ணீர்க் கஷ்டம் இல்லை.'

அண்ணா, நல்ல மழை பெய்த சந்தோஷத்தைச் சொன்ன உங்களை நான் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் ஏசிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கக் கிடைத்த இரண்டு நிமிடத்தையும் சண்டையில் கரைத்துவிட்டேன். டிலக்ஷனா தான் எழுதிவந்த காற்றுக் கணக்கை வேறு பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். உங்கள் பள்ளியிலிருந்தும் அன்றோடு ஒரு தகவலும் இல்லை. நம்முடைய சண்டையைச் சுமக்க அந்த இரண்டு பிள்ளைகளும் என்ன பாவம் செய்தார்கள்? கிணற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் பங்கும் உங்களுக்கே. நிருஷாவை என் மகளோடு பேச மட்டும் விடுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம், நிருஷாவின் உச்சிக்கு ஒரு முத்தம். அந்த வீட்டில் நோய் நொடி அண்டாமல் கடவுள் காவலிருக்கட்டும்.

உங்கள் காலடியில்,
இரத்தினவேல்

பி.கு.: உறைக்குப் பசை தடவும்போது டிலக்ஷனா பள்ளியிலிருந்து சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். நீங்கள் பேசத் தொடங்கியபோது எங்கள் பிள்ளைகளின் இரைச்சல் கேட்கக் கூடாதென்று டீச்சர் எங்கள் பக்கத்து மைக்கை அணைத்துவிட்டாராம். பதற்றத்தில் அவருக்கே மறந்துபோய்விட்டது. நான் கத்தியதில் ஒரு சொல்லும் அங்கே வரவில்லை! மழையில் அறுந்த இணைப்பு இன்றுதான் உங்கள் பள்ளிக்குத் திரும்பியதாம். நிருஷா வந்ததும் வராததுமாகச் சொன்னாளாம்: "சித்தப்பா எங்களைக் கண்டதும் எழும்பி அழுதவர். அப்பாவும் அழுதவர். எழும்பிக் கை காட்டினவர், அதுக்குள்ள லைன் போயிட்டுது."

ஆகவே அண்ணா, மேலே எழுதிய எதையும் வாசிக்க வேண்டாம். முக்கியமாகக் கிணற்றை விட்டுக்கொடுத்த இடத்தை. அழுதது மட்டும் உண்மை. நாலு வருடத்துக்குப் பிறகு உங்களுக்கு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன். சித்தப்பா ஏன் இவ்வளவு மெலிந்துபோனார் என்று நீங்கள் கேட்கச் சொன்னீர்களாம். அதைக் கேட்டதிலிருந்து மூன்று தடவை சாப்பிட்டுவிட்டேன்.