காரணத்தோடு கிளம்பும் ராக்கெட்

டீயில் கரைகிற சர்க்கரை ஒரு ராக்கெட்டை எப்படித் தூக்கும்? முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். எரிபொருளே சர்க்கரைதான், அது எரிந்து வாயு கீழே சீறினால் ராக்கெட் மேலே போகும். போகாவிட்டால்? அதற்குப் பதில் சொல்லவென்றே ஓர் இனம் இருக்கிறது. சர்க்கரை ராக்கெட்காரர் என்று பெயர். ராக்கெட்டைச் செய்வதற்கு முன்பே காரணத்தைச் செய்து வைத்துக்கொள்பவர்.

ஆரணியில் பட்டு நெய்யும் ஜெயக்குமாரைப் பாருங்கள். ஜரிகை சுற்றி வந்த அட்டைக் குழாயை உடம்பாகவும், சேலையில் மிஞ்சிய பட்டுத் துண்டைப் பாராசூட்டாகவும் ஆக்கி, பக்கத்து வீட்டுத் தென்னரசுவிடம் "நானூறு அடி, கொறைஞ்சா என்னைக் கேளு" என்று சொல்லிவிட்டு, வறண்ட ஏரிக்குப் போய், புகை வாசனையோடு திரும்பி வருவார். முதல் முறை காரணம் காற்று. இரண்டாம் முறை அட்டை. மூன்றாம் முறை தென்னரசு பார்த்த பார்வை.

நான்காவதற்கு மனைவி சசிகலா கெடு வைத்தாள். "இதுவும் போகலன்னா தறி ரூம் மூலைய காலி பண்ணிடுங்க. எனக்கு ராட்டை போடணும்."

அந்த மூலைதான் ஜெயக்குமாரின் விண்வெளி நிலையம்.

ஆகவே இம்முறை, எரிபொருள் அடைத்த குழாயைப் பாவு நூலைப் போலவே பொத்திப் பாதுகாத்தார். பட்டு இழை அறாமல் இருக்கத் தறி அறையை ஈரமாகவே வைத்திருப்பார்கள் அல்லவா? அங்கேயே, நனைத்த கோணிக்குப் பக்கத்தில், மூன்று நாள் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் திரி எரிந்தது. ராக்கெட் 'புஸ்' என்றது. ஒரு முறை இருமியது. அவ்வளவுதான்.

"இன்னாண்ணா, ராக்கெட்டு டீ போட்டுகினு கீதா?" என்றான் தென்னரசு.

வீட்டில் அதே கோணிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இன்னொரு குழாயைச் சசிகலா தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுத்தது. "நூலுக்குத்தான் ஈரம் வேணும். மழைக்காலத்துல சர்க்கரை டப்பாவ நான் எதுக்கு இறுக்கி மூடி வைக்கிறேன்?"

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

ஜெயக்குமார் தன் காரண நோட்டை எடுத்து எழுதினார்: நான்காம் முறை. காரணம், சசிகலா.

சாயங்காலம் மூலைக்கு ராட்டை வந்துவிட்டது. தன் பெட்டியைப் பரணில் ஏற்றும்போது ஜெயக்குமார் சொன்னார்: "காலி பண்ணல. பரண் காய்ஞ்ச எடம். அதான் மாத்தறேன்."

சிரிக்கிறீர்களா? போன வாரம் பஸ்ஸை விட்டதற்கு எந்தக் கடிகாரத்தைத் திட்டினீர்கள்? தோசை ஒட்டியதற்கு எந்தக் கல்லை? போகட்டும். உங்களுக்குத் தெரிந்த காரணக்காரர் ஒருவருக்கு இதை அனுப்பி வையுங்கள். அவர் இதை உங்களுக்கே திருப்பி அனுப்பினால், தயவுசெய்து நெட்வொர்க்கைக் குறை சொல்லாதீர்கள்.