உன் அண்ணன் நாற்காலிக்கு லோரி வேண்டாம்

பிரிக்பீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை

கிள்ளானில் இருக்கும் என் நாத்தனார் தங்கமணிக்கு உன் அண்ணி லெட்சுமி எழுதிக்கொண்டது. இங்கே மகன், மருமகள், பூனை மூவரும் சுகம். உன் முட்டிவலிக்கு முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய் என்பதால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாவதோடு நின்றவள்தான், ஆனாலும் என் கையெழுத்தைப் பார்க்க வாத்தியாரே எழுந்து வருவார்.

விஷயம் இதுதான். உன் அண்ணன் உட்கார்ந்த பிரம்பு நாற்காலியை உனக்குக் கொடுப்பதாக மருமகள் லோகேஸ்வரி சொல்லிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை உன் லோரி வருகிறதாம். அனுப்பாதே. நாற்காலி காலியாக இல்லை.

போன மாதம் ஜனனி என்று ஒரு பெண், மிருக டாக்டருக்குப் படிக்கிறவள், எங்கள் பிளாட்டில் வீடு வீடாக வந்து பூனைகளுக்கு ரத்தம் எடுத்தாள். மனிதருக்கு வந்த கொரோனா பூனைக்கும் ஒட்டியிருந்தால் ரத்தத்தில் ஆன்டிபாடி என்று ஒரு தடயம் தங்கிவிடுமாம். எங்கள் பூனை மிலோவை நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, "வீட்ல யாருக்காச்சும் கோவிட் வந்துச்சா பாட்டி?" என்றாள். உன் அண்ணன் பேரை நான் எந்தக் காலத்தில் சொல்லியிருக்கிறேன்? நாற்காலியைக் காட்டி, "அவருக்கு" என்றேன். அவள் அந்தப் பக்கம் பார்த்து, "இப்ப சுகமாயிட்டாரா?" என்று கேட்டாள். அந்த நாற்காலியிலிருந்துதான் ஆம்புலன்சுக்கு எழுந்து போனார். பிறகு மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தோம். சுகமானாரா என்று நான் யாரைக் கேட்பது?

இந்த வாரம் பதில் வந்தது. மிலோவுக்கு ஆன்டிபாடி இருக்கிறது. வியாதியோடு இருந்த யாரோ பக்கத்தில் வைத்துக் கொஞ்சியிருக்க வேண்டும் என்றாள் ஜனனி. யார்? மிலோ பிறந்ததே உன் அண்ணன் போன பிறகு, வாசல் தாண்டாத பூனை, லோகேஸ்வரியோ ஒரு தும்மலுக்கே எல்லார் மூக்கிலும் குச்சி விட்டுப் பார்ப்பவள், எங்கள் யாருக்கும் கொரோனா என்று இரண்டாவது கோடு விழுந்ததில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மிலோ அந்த நாற்காலி முன்னால் போய்க் கழுத்தை நீட்டும், கண்ணை மூடிக்கொள்ளும், காதுக்குப் பின்னால் மயிர் அமுங்கி அமுங்கி எழும்பும். மோனோரயில் போகும்போது ஜன்னல் ஆடும், தட்டு ஆடும், சாமி படம் ஆடும், அந்த நாற்காலி மட்டும் கனத்த ஆள் உட்கார்ந்த மாதிரி அசையாது. எனக்குப் பயமில்லை, கோபம்தான். உயிரோட இருக்கப்ப பூனையைக் கண்டா செருப்பை எறிஞ்ச மனுசன், இத்தனை வருசம் கோப்பி கலக்கிக் கொடுத்த என்னைத் திரும்பிப் பார்க்காம பூனையைத் தடவிக்கிட்டிருக்காரு, அதுவும் காய்ச்சலோட. வந்தவரைப் போன்னு சொல்ல முடியுமா, நாற்காலிக் கையில் ஒரு முகக்கவசம் மாட்டி வைத்தேன். காலையில் பார்த்தால் அதன் காதுக் கயிறு இழுபட்டுத் தொங்குது. உன் அண்ணனுக்குக் காது பெரிசு, உனக்கே தெரியும்.

லோகேஸ்வரியிடம் சொன்னேன். "மாமா வந்தா சோபாவுல உக்காரட்டும்லா அத்தை" என்கிறாள். பழகாத இடத்தில் உட்காருகிற ஆளா அவர்? நாற்காலி கிள்ளானுக்குப் போய்விட்டால் இங்கே வந்து நின்றுகொண்டே இருப்பார். அந்தக் காய்ச்சலில் எவ்வளவு நேரம் நிற்பார்?

அண்ணன் ஞாபகத்துக்கு அவருடைய சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொள். ஓடாவிட்டாலும் நல்ல கடிகாரம். உன் பிள்ளைகள் உடம்புக்கும் வேலைக்கும் குறையில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அண்ணி லெட்சுமி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஜனனி போன் செய்தாள். ரத்தம் பிடித்த குழாய் மாறிப்போச்சாம், அது செராஸில் யார் வீட்டுப் பூனையுடையதோ. மிலோவுக்கு ஆன்டிபாடியே இல்லையாம். "அப்ப மாமா வரல, லோரி வரலாம்" என்று லோகேஸ்வரி சிரிக்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். மிலோ இப்போதும் நாற்காலி முன்னால்தான் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது, மயிர் அமுங்கி எழும்புகிறது. அத்தனை தடவியும் பூனைக்கு ஒட்டவில்லையே. ஆக, உன் அண்ணனுக்குச் சுகமாகிவிட்டது தங்கமணி. முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டேன். லோரி வேண்டாம். இரண்டு கோப்பி கலக்க வேண்டும், நிறுத்துகிறேன்.