குதிரைகளுக்குச் சைக்கிள் பழக்கிய வென்டெல்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரைக்குப் பின்னால் நடப்பதில்லை என்று வென்டெல் முடிவு கட்டினார். நல்ல முடிவுதான், பாவம். அதை மனைவி நோரீனிடம் சொல்லும் தைரியம் மட்டும்தான் இல்லை.

வருஷக்கணக்காக இதே கதை. நோரீன் மேபல் என்ற குதிரைமேல் ஜம்மென்று உட்கார்ந்து மலைமுகட்டுப் பாதையில் போவாள். இவர் சாண்ட்விச் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நடப்பார். குதிரையின் பின்பக்கத்தை இவர் அளவுக்குப் பார்த்தவர் கலிபோர்னியாவிலேயே கிடையாது. ஆசையாக வாங்கிய மலைச் சைக்கிளோ கராஜில் தூசி தின்றது. நடப்பவர்களும் குதிரைகளும் தவிர யாரும் போகக்கூடாது என்று பாதையில் பலகை வைத்திருந்தார்கள். சைக்கிளையும் அந்தப் பாதையில் அனுமதித்துவிட்டால் இவருக்கு விடுதலை. சைக்கிள்காரன் குதிரைக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டா வருவான்?

பாதையைக் கவனித்துக்கொள்ளும் ஊர்க்குழுவின் கூட்டத்தில் எழுந்து, ஊர்ப் பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காகச் சைக்கிளை அனுமதிக்க வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். தன் முட்டிவலியைப் பற்றி மூச்சுவிடவில்லை. குதிரைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். வளைவில் திடீரென்று சைக்கிள் வந்தால் குதிரை மிரளாதா, விழுந்தால் எங்கள் இடுப்பு என்னாவது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்போது நோரீன் எழுந்தாள்.

"சைக்கிளை விடலாம்," என்றாள். "குதிரைங்க அதுக்குப் பழகணும், அவ்வளவுதானே. வேலிக்குள்ள விட்டு, அதுங்களைச் சுத்திச் சுத்தி யாராவது ஓட்டினா பழகிடும். நம்ம வென்டெல் இருக்கானே, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஓட்டுவான். பிள்ளைங்க மேல அவனுக்கு அவ்வளவு அக்கறை."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அக்கறை இல்லை என்று எந்த வாயால் சொல்வார் மனிதர்?

மேபல் சீக்கிரமே பழகிவிட்டது. பிறகு அக்கம்பக்கத்துப் பண்ணைக் குதிரைகள் ஒவ்வொன்றாக வந்தன. வென்டெல் கேரட்டும் கையுமாக வட்டமடித்தார். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது என்பதால் வாய் ஓயாமல் பேசவும் வேண்டியிருந்தது. கூரை ஒழுகுவது, முட்டி வலிப்பது, மைத்துனன் மதிக்காதது என்று எல்லாவற்றையும் குதிரைகளிடம் கொட்டினார். அவை கேரட்டை மென்றன.

பலகையை எடுத்துவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் முகட்டுக்குப் பறந்தார்கள். நோரீன் மேபல்மேல் தனியாக ஏறிப்போவதை வென்டெல் வேலிக்குள்ளிருந்து பார்ப்பார். பனிமூட்டத்துக்குள் அவள் தொப்பி மறைந்ததும் மனசு என்னவோ செய்யும். முன்பெல்லாம் உச்சியில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிய்த்து, பெரிய பாதியை இவரிடம்தான் நீட்டுவாள். அந்த நேரத்தில் இவர் என்ன புலம்பினாலும் குறுக்கே பேசமாட்டாள். அதைப் போய்க் கையில் வைத்துக்கொண்டே தொலைத்தோமே என்று தன்னையே நொந்துகொள்வார். இந்தச் சைக்கிளை வாங்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மானத்தை விட்டு அவளுக்கு எதிரே போய் நின்றார்.

"நோரீன், எனக்குச் சைக்கிளும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பழையபடி உன் பின்னாலயே நடந்து வரேன்."

நோரீன் குதிரைமேலிருந்து குனிந்து அவர் கன்னத்தைத் தட்டினாள்.

"வேண்டாம் வென்டெல். உன்னை எப்படிக் கழட்டி விடறதுன்னு தெரியாமத்தானே இத்தனை வருஷமா கூட்டிட்டுப் போனேன்."