பட்டன் பத்திரமாக எடுத்து வைத்தது

பத்திரப்படுத்துகிறவர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. அவரை யாரும் அந்த வேலைக்கு வைக்கவில்லை; சம்பளம் கிடையாது; ஓய்வும் கிடையாது. ஒரு பொருள் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டால் போதும், அவர் நெஞ்சு பதறும், ‘இப்படியா போட்டு வைப்பார்கள், கண்டவன் கைவைத்தால் என்ன ஆவது’ என்று கண்கள் கலங்கும், சுற்றும் முற்றும் பார்ப்பார், எடுப்பார், யாருமே நினைத்துப் பார்க்க முடியாத ஓர் இடத்தில் கொண்டுபோய் வைப்பார். அந்த ‘யாருமே’யில் அவரும் அடக்கம். பிறகு, பொருளைக் காணோம் என்று வீடே அலறும்போது, எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து “திருடன்!” என்று கத்துகிறவர் யார்? அவரேதான். நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பத்திரப்படுத்திய பொருள் வேறு, காணாமல் போன பொருள் வேறு. அவர் மனத்துக்குள் அவை இரண்டும் ஒருநாளும் சந்தித்துக்கொண்டதில்லை.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எங்கள் வயோமிங் பக்கத்தில், டெல்மரும் வெர்னாவும் நடத்தும் மாட்டுப் பண்ணையில் இருக்கிறது. பெயர் பட்டன். நான்கு கால், ஒன்றரைக் காது, மாடு மேய்க்கும் நாய். மனிதர்களில் ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்கிறீர்களா? நிறையக் கிடைப்பார்கள். ஆனால் மனிதர்கள் என்மேல் வழக்குப் போடுவார்கள்.

பட்டனுக்கு மாடு மேய்ப்பது பொழுதுபோக்கு, பாதுகாப்புதான் தொழில். வேலிக்கம்பத்தின்மேல் டெல்மர் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார். திரும்பி வந்தால் வலது கையுறை மட்டும் இருக்கும். பட்டன் எப்போதும் இடது கையுறையைத்தான் எடுப்பான். ஜோடியில் ஒன்றைப் பத்திரப்படுத்திவிட்டால் மிச்சத்தைத் திருடி எந்தத் திருடன் என்ன செய்யப்போகிறான்? இப்படி யோசிக்கிற மூளை அந்த ஒன்றரைக் காதுக்கு நடுவில் இருந்தது. வெர்னாவின் தோசைத்திருப்பி போயிற்று. குதிரை சீவும் பிரஷ் போயிற்று. நவம்பர் மாதத்து வான்கோழி விருந்தன்று, சாப்பிட்ட களைப்பில் டெல்மர் கழற்றி வைத்த மேல்வரிசைப் பல்செட்டும் போயிற்று! அன்றிலிருந்து அவர் மாட்டிறைச்சிப் பண்ணை வைத்துக்கொண்டு ஓட்ஸ் கஞ்சி குடித்துவந்தார். இதைவிடப் பெரிய சோகத்தை நான் என் தொடர்கதைகளில்கூட எழுதியதில்லை.

இனி சாவி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவதுதான் மரியாதை. யாருக்கு அவசரமோ அவர் ஏறி ஓட்டிப் போகலாம்; திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவனை ‘நகரத்துக்காரன்’ என்போம். அதற்குமேல் கடுமையான வசவு எங்களிடம் இல்லை. டெல்மர் இன்னும் ஒரு படி மேலே போனவர். மாற்றுச் சாவியையும் அதே வளையத்தில் கோத்து வைத்திருந்தார். தொலைந்துவிடக் கூடாதல்லவா?

மார்ச் மாதத்தில் ஒருநாள் மாலை, முன்பின் தெரியாத ஒருவர் வழி கேட்டுக்கொண்டு பண்ணைக்குள் வந்தார். பேசிக்கொண்டே டெல்மரின் பிக்கப் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பட்டனுக்கு அது போதாதா? அந்நியர் போனதும் திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே தாவினான். பழைய வண்டி, சாவித் துவாரம் தேய்ந்துபோய், இழுத்தாலே சாவி கையோடு வரும், வாயோடும் வரும். வளையத்தைக் கவ்விக்கொண்டு இறங்கினான். பத்திரப்படுத்தினான். கடமையைச் செய்தவனின் களங்கமற்ற தூக்கம் தூங்கினான்.

மறுநாள் காலை என் வண்டி பனிச்சேற்றில் அச்சுவரை புதைந்துவிட்டது. அதை இழுக்க டெல்மரின் வண்டியை எடுத்துவரலாமென்று வயல்வழியே நடந்துபோனேன். ஏறி உட்கார்ந்தேன். கை போனது, சாவி இல்லை. அந்த நேரம் பார்த்து டெல்மரும் வெர்னாவும் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார்கள். வண்டிக்குப் பின்னால் முந்தின நாளிலிருந்தே பூட்டியிருந்த மாடேற்றும் ட்ரெய்லருக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

பெட்டூனியா.

பண்ணையில் மாடுகளுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. பெயர் வைத்தால் பிரிவது கஷ்டம். ஆனால் பெட்டூனியா பனிப்புயலில் பிறந்து, பிறந்த அன்றே தாயை இழந்து, வெர்னாவின் சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் பாட்டில் பால் குடித்து வளர்ந்தவள். அன்று அவளுக்குத் தலைப்பிரசவம். கன்று குறுக்கே கிடந்தது. நகரத்து மாட்டு டாக்டர் ஹஸ்கின் போனில் கத்தியிருந்தார்: “அறுத்துத்தான் எடுக்கணும் டெல்மர். மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடு, இல்லேன்னா ரெண்டு உசுரும் நிக்காது. நான் எப்படி வர்றது? தோள்வரைக்கும் இன்னொரு மாட்டுக்குள்ள இருக்கேன்!”

“எறங்குய்யா, நான் ஓட்டறேன்” என்றார் டெல்மர்.

“சாவி இல்லையே.”

“விளையாடாதேய்யா. நீதானே உள்ளே உக்காந்திருக்கே?”

“உக்காந்திருக்கேன். சாவிதான் இல்லை.”

வெர்னா என்னைப் பார்த்த பார்வையில் இத்தனை வருஷத்துச் சிநேகம் ஒரு நொடியில் உறைந்துபோனது. “நகரத்துக்காரன் மாதிரி பையில போட்டுக்கிட்டியா?” என்றாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை. பைகளை எல்லாம் வெளியே இழுத்துக் காட்டினேன். ஒரு மிட்டாயும் நூல்கண்டும் விழுந்தன.

“திருடன்! திருடன்!”

பட்டன் வந்துவிட்டான். வீட்டுத் தாழ்வாரத்தில் விரித்திருந்த தன் கோணிப்பைப் படுக்கையைவிட்டு எழுந்து, வண்டியைச் சுற்றிவந்து மோந்து, சக்கரத்துக்குச் சக்கரம் காலைத் தூக்கி அடையாளமிட்டு, என் பூட்ஸையும் விட்டுவைக்காமல், புலன்விசாரணையைத் தொடங்கினான். நாயும் பூனையும் பேசியது உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அவற்றோடு இத்தனை குளிர்காலங்களைக் கழித்துப் பாருங்கள், உங்களுக்கும் தெரியும்; ஆனால் எல்லாம் நடந்து முடிந்தபிறகுதான் புரியும்.

முதல் குற்றவாளி நான். இரண்டாவது கிழட்டுக் குதிரை. கேள்வி கேட்டபோது அது கண்ணை மூடிக்கொண்டது, ஆகவே எதையோ மறைக்கிறது. மூன்றாவது கொட்டகைப் பூனை ஆலிவ்.

“ஆலிவ், உண்மையைச் சொல்லிடு. சாவி எங்கே?”

“எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் உன்கிட்ட சொல்லமாட்டேன்.”

“ஆக, ஒத்துக்கிட்டே!”

“எதை?”

“அதை நீதான் சொல்லணும்.”

பூனை முன்னங்காலை நக்கிக்கொண்டே கேட்டது: “ஏன்டா பட்டன், நேத்து சாயங்காலம் வாயில எதையோ கவ்விக்கிட்டு ஓடுனியே, கிணிங்கிணிங்னு சத்தம் வந்துச்சே, அது என்ன?”

“அது ரகசியம். பத்திரமா வச்சிருக்கேன்.”

“எங்கே?”

“அதைச் சொன்னா அப்புறம் என்ன பத்திரம்?”

“அது சாவியா?”

“சாவிதான். ஆனா அது வேற கேஸ். விசாரணையில குறுக்கே பேசாதே.”

பூனை அவனை நெடுநேரம் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு, இந்தப் பண்ணையில் பூனையாகப் பிறந்ததற்கு நன்றி சொல்வதுபோல் வானத்தைப் பார்த்தது.

இதற்குள் நாங்கள் வைக்கோலைக் கிளறியாயிற்று, வண்டியின் இருக்கையைப் பெயர்த்தாயிற்று. ட்ரெய்லருக்குள் முனகல் தேய்ந்துகொண்டே வந்தது. டெல்மர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை ஒருமுறை பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாட்டுக்காரர்களுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும். வலியில் துடிக்கவிடுவதைவிட அதுதான் இரக்கம். ஆனால் அந்த இரக்கத்தைப் பெட்டூனியாவுக்கு எப்படிக் காட்டுவார்? வெர்னா ட்ரெய்லரின் கம்பிகளுக்கு இடையே கைவிட்டு அந்த நெற்றியைத் தடவினாள். “அழாதடி என் செல்லம். அடுப்புக்குப் பின்னால படுத்திருந்தியே, ஞாபகம் இருக்கா?” என்றாள். அந்தப் பெரிய ஈரக் கண்கள் அவளையே பார்த்தன.

“நடுங்கறா டெல்மர். மேல போத்த ஏதாவது எடுத்துட்டு வர்றேன்.”

வெர்னா தாழ்வாரத்துக்கு ஓடினாள். விசாரணைக் களைப்பில் பட்டன் மறுபடி தன் கோணிப்பைமேல் படுத்து, குற்றவாளியின் மனநிலையைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தான்.

“எந்திரிடா! என் பொண்ணு குளிர்ல வெடவெடக்கறா, உனக்குப் படுக்கை கேக்குதா?”

எழுந்திருப்பானா? அவள் கோணியை ஓர் உதறு உதறினாள். பட்டன் உருண்டான். அவனுக்குப் பின்னால் உருண்டு விழுந்தவை: இடது கையுறைகள், எல்லாமே இடது, வளைந்த தோசைத்திருப்பி, குதிரைப் பிரஷ், டெல்மரின் பல்செட்டு. கடைசியாக, கிணிங் என்று, சாவிவளையம்.



டெல்மர் குனிந்தார். சாவியை முதலில் எடுத்தார், பல்செட்டை அடுத்து எடுத்தார், அதைக் கால்சட்டையில் இருபுறமும் தேய்த்தார், நாங்கள் தடுப்பதற்குள் வாயில் மாட்டிக்கொண்டார். குளிர்காலம் முழுவதும் கஞ்சி குடித்த வாய் அது. அதிலிருந்து தெளிவாக வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“நல்ல நாய்!”

“என்னது?” என்றாள் வெர்னா.

“பாரேன்! எவனோ திருடி ஒளிச்சு வச்சதை மொத்தமா மோந்து கண்டுபிடிச்சு, நாம வர்ற வரைக்கும் மேலயே படுத்துக் காவல் காத்திருக்கான்! அடேய் பட்டன், என் ராசா!”

வெர்னா வாயைத் திறந்தாள். ட்ரெய்லரிலிருந்து முனகல் வந்தது, மூடிக்கொண்டாள். கோணிப்பையைப் பெட்டூனியாமேல் போர்த்திவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி சேற்றை வாரி என்மேல் இறைத்துவிட்டுப் பறந்தது. பூனை என் காலருகே வந்து உட்கார்ந்தது.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் ஹஸ்கின் அந்த இன்னொரு மாட்டிலிருந்து வெளியே வந்திருந்தார். தாயும் பிழைத்தாள், கன்றும் பிழைத்தது. பெண் கன்று. அதற்கு டெல்மர் வைத்த பெயர் சின்னப் பட்டன். வெர்னா மட்டும் இன்றுவரை அந்தப் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட்டதில்லை.

அன்று மாலை விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பட்டனுக்குத் தட்டு நிறைய இறைச்சியும் எலும்பும். தின்று முடித்து ஆலிவிடம் அறிக்கை கொடுத்தான்: “விசாரணை நெருங்கினதும் திருடன் பயந்துட்டான். எனக்கே தெரியாம, எனக்கு அடியிலேயே எல்லாத்தையும் திருப்பி வச்சிட்டு ஓடிட்டான். பயங்கரமான ஆளு. இன்னும் பிடிபடலை. இனிமே ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருக்கணும்.”

உள்ளே டெல்மர், மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவர், மூன்றாவது துண்டு இறைச்சியை மென்று விழுங்கி, பெருமூச்சுவிட்டு, தாடை வலிக்கிறதென்று பல்செட்டைக் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்தார்.

கேட்பாரற்று.

வாசற்படியில் ஒன்றரைக் காது நிமிர்ந்தது. ஒரு நல்ல உள்ளம் பதறத் தொடங்கியது.

நாய்தானே என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் கடைசியாகக் காணாமல் போன பொருள் எது? பாட்டரி விளக்கா, மூக்குக்கண்ணாடியா, பக்கத்து வீட்டார் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன சாவியா? அப்போது எல்லோரையும்விட உரக்கக் கத்தியது யார்? வேலைக்காரியை, மைத்துனனை, பூனையை உற்றுப் பார்த்தது யார்? பதில் சொல்ல வேண்டாம்.

இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் எழுந்திருங்கள், போதும்.